றெக்கைக்குத் துணி வெட்டியது யார்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால், வாங்கிய திட்டில் பிறந்தது என்றுதான் சொல்லவேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு முதலியார்பேட்டையிலிருந்து ஒரு போன் வந்தது.

"நீங்கதான் அந்த போர்டுக்குத் தமிழ் எழுதிக் குடுத்தவரா?" என்றது ஒரு பெண் குரல்.

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப நேர்ல வாங்க. போன்ல திட்டினா எனக்கு மனசு ஆறாது."

போனேன். செல்வாம்பாள் டெய்லர்ஸ் என்று எழுதியிருந்த கடைக்குள், வெட்டுமேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் தண்ணீர் கொடுத்து, அதன்பிறகு திட்டினார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த மரியாதை உண்டு. திட்டு முடிந்தபோது என் கையில் ஒரு கதை இருந்தது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியாக எழுதுகிறேனா என்பது வேறு விஷயம்.

எந்த போர்டு என்று சொல்லிவிடுகிறேன். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் அறிவியல் கூடம் திறக்கப்போகிறார்கள். (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்.) அதன் கூரையிலிருந்து ஒரு பழைய கிளைடரின் மாதிரி தொங்கும். ரைட் சகோதரர்கள் எஞ்சின் வைப்பதற்கு முன்னால், 1900இல் கயிறு கட்டிப் பறக்கவிட்டார்களே, அதன் அச்சு அசலான நகல். கீழே ஒரு பலகை. பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழி. மூன்றுக்கும் இடம் வேண்டுமென்பதால் தமிழுக்கு எட்டு வரிதான் கிடைத்தது. எனக்கு ஒரு பெயர்ப்பட்டியல் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அதில் இருந்ததை எழுதிக் கொடுத்தேன். அதில் இல்லாதவர் செல்வாம்பாள். பட்டியலில் தன் பெயர் இல்லை என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

2

முதல் தொடக்கம்: "1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் ஒரு மணல்மேட்டில், பன்னிரண்டு நொடிகள், நூற்றிருபது அடி தூரம், மனிதன்"

[இதோடு நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் இப்படி ஆரம்பித்தால் யாராவது எழுந்து நிற்பார்கள். பிரெஞ்சு படித்தவர், "மன்னிக்கணும், 1890லயே எங்க ஆதேர் தரையிலேர்ந்து எழும்பிட்டாரு" என்பார். பிரேசில்காரருக்கு வேறு ஒரு பெயர். பம்பாய்க்காரருக்கு வேறு ஒரு பெயர். எல்லோரும் பறந்தவரின் பெயருக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். ரைட் சகோதரர்களின் எஞ்சினை ஆறே வாரத்தில் கடைந்து கொடுத்த மெக்கானிக்கின் பெயர் சார்லி டெய்லர். அவருக்காக யாரும் எழுந்து நிற்பதில்லை. 1900 கிளைடரின் துணியை அளவு மாற்றித் தைக்க அந்த மணல்மேட்டு ஊர்ப் பெண்மணி ஒருவர் தன் தையல் மெஷினை இரவல் கொடுத்தார். சகோதரர்கள் கிளைடரைப் போட்டுவிட்டுப் போனபிறகு, அந்த றெக்கைத் துணியைக் கிழித்துத் தன் பெண்களுக்குக் கவுன் தைத்துவிட்டார். இது உண்மையாகவே நடந்தது. எனக்கு அந்தப் பெண்மணியை ரொம்பப் பிடித்துப்போயிற்று.]

இரண்டாவது தொடக்கம்: "செல்வாம்பாள் துணியை ஒருமுறை தடவிப் பார்த்தாள்."

[இதைப் படித்துக் காட்டியபோது அவரே நிறுத்தினார். "கிளைடர் செஞ்ச விஜயராகவன எப்பிடி எழுதியிருக்கீங்க?" "அவர் வந்தார் என்று." "என்னைய எப்பிடி?" "அவள்..." "எனக்கு வயசு நாப்பத்தெட்டு சார்." மாற்றிவிட்டேன். கதைகளில் தையல்காரப் பெண்களை அவள் என்று எழுதிப் பழகிய கை. மன்னிக்கவேண்டும்.]

மூன்றாவது தொடக்கம்தான் கீழே இருப்பது.

3

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் கேட், ஜன்னல், கிரில் செய்யும் பட்டறை விஜயராகவனுடையது. கிளைடர் ஆர்டர் அவருக்கு வந்தது. கெட்டிக்காரர். வரைபடத்தைப் பார்த்து மரச்சட்டத்தை ஒரு மாதத்தில் இழைத்து நிறுத்திவிட்டார். பதினேழு அடி நீளத்தில் இரண்டு அடுக்கு றெக்கை. துணி வேலைக்கு வந்தபோதுதான் அவருக்குக் கை ஓடவில்லை. ஷாமியானா தைப்பவரிடம் போனார். கல்யாண சீசன், முடியாது என்றுவிட்டார். மனைவிக்கு ஜாக்கெட் தைக்கிற கடை ஞாபகம் வந்தது.

செல்வாம்பாள் துணியை ஒருமுறை தடவிப் பார்த்தார். நல்ல பருத்தி. அப்பா பஞ்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். விரல் வைத்தாலே நூலின் நம்பரைச் சொல்லிவிடுவார் அவர். அந்த விரல் மகளுக்கும் வந்திருந்தது.

"இன்னாத்துக்கு இவ்ளோ துணி?"

"ஏரோப்ளேனுக்கும்மா."

"வெளையாடாதீங்க."

விளையாட்டில்லை என்று தெரிந்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம். பண்டிகைக்கு முந்தின வாரம் நாளைக்கே வேணும் என்று நிற்கிற கூட்டம். தான் தைத்தது ஒன்று ஆகாயத்தில் நிற்கும் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சரி என்றார். தானும், கடையில் பதினோரு வருஷமாகக் கூட இருக்கும் கலைவாணியும் சேர்ந்து ஐந்து நாளில் தைத்தார்கள். கலைவாணி பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது பறக்கவிட்டுப் பார்க்கவேண்டும் என்பது விஜயராகவனின் ஆசை. வீராம்பட்டினம் கடற்கரை. மத்தியானம் மூன்று மணி, கடல்காற்று. உள்ளே ஆள் இல்லை, மணல் மூட்டை மட்டும். நான்கு மூலைக் கயிற்றையும் மீனவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கயிறு பிடிக்க அவர்களுக்கா சொல்லித் தரவேண்டும்?

கிளைடர் ஓர் ஆள் உயரம் எழும்பியது. செல்வாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பார்த்தார். அதற்குள் சட்டம் கோணிக்கொண்டது. நேர்ச் செவ்வகமாக இருந்த றெக்கை மூலைக்கு மூலை இழுபட்டுச் சாய்ந்து, காற்றைப் பக்கவாட்டில் வாங்கி, தலைகுப்புற மணலில் விழுந்தது. றெக்கைக்குள் ஓடும் விலாக்குச்சிகளில் ஆறு முறிந்தது.

விஜயராகவன் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "துணி சரியில்லம்மா."

அந்த வார்த்தையைச் செல்வாம்பாளால் தாங்கமுடியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் செல்வாம்பாள் தைத்தது சரியில்லை என்று ஒருவர் சொன்னதில்லை. கை இறக்கம் சரியில்லை என்பார்கள், கழுத்து ஆழம் என்பார்கள், அது வாடிக்கை. துணி சரியில்லை என்பது வேறு.

மறுநாள் காலை கடையில், பாதி வெட்டிய ஒரு ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. கிராஸ். கிராஸ் கட்டிங். துணியைக் கோணலாகத் திருப்பி வெட்டவேண்டும். பாவும் ஊடையும் (நெடுக்கு நூலும் குறுக்கு நூலும்) நேராக ஓடுவதற்குப் பதிலாக மூலைக்கு மூலை ஓடினால், சட்டம் மூலைக்கு மூலை இழுபடும்போது நூலே அதைப் பிடித்து நிறுத்தும்.

[இந்தப் பத்தி எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. கண்டுபிடிப்புக் கதைகளில் எல்லோருக்கும் ஒரே நொடியில் விளக்கு எரிந்துவிடுகிறது. இருந்தாலும் அவர் இப்படித்தான் சொன்னார். இப்போதைக்கு இருக்கட்டும்.]

கோணலாக வெட்டினால் துணி கூடுதலாகச் செலவாகும். இருந்தது போதவில்லை. முதல் றெக்கையைப் பிரித்து, முக்கோணத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டு வைத்து, ஒன்பது நாள் மெஷினை விட்டு எழாமல் செல்வாம்பாள் தைத்தார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒட்டுகளை நானே போய்ப் பார்த்தேன். எங்கே சேர்ந்திருக்கிறது என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாவது முறை கடற்கரைக்குப் போனபோது அதே காற்று, அதே கயிறு. கிளைடர் எழும்பியது. தென்னை உயரத்துக்குப் போய் நின்றது. கோணவில்லை, நடுங்கவில்லை. இருபது நிமிஷம். மீனவர்கள் கயிற்றைத் தளர்த்தி, இழுத்து, மறுபடி தளர்த்தி விளையாடினார்கள். ஒருவர் திரும்பி, "ஏம்மா, நீ தச்சதா இது?" என்று கேட்டார்.

"ஆமா. நான் தச்சதுதான்."

இதைச் சொல்லும்போது செல்வாம்பாளுக்கு இப்போதும் கண் கலங்குகிறது. அத்தனை சந்தோஷம் தன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்றார்.

4

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ரைட் சகோதரர்களும் துணியைக் கிராஸில்தான் போட்டிருக்கிறார்கள். விஜயராகவனிடம் இருந்த வரைபடத்தில் சட்டத்தின் அளவெல்லாம் அரை விரற்கடைகூடப் பிசகாமல் இருந்தது. துணியின் நூல் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று ஒரு வரி இல்லை. வரைந்தவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை போலிருக்கிறது.

மறுநாள் போய் செல்வாம்பாளிடம் சொன்னேன், நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே அவர்களும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று. மனம் சிறுத்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"அப்பிடியா? அப்ப அவங்க ஊட்ல யாரோ நல்லா ஜாக்கெட் தச்சிருக்காங்க" என்றார்.

விஜயராகவனுக்கும் போன் செய்தேன். ஒளித்தெல்லாம் பேசவில்லை. "ஆமா சார், அந்தம்மாதான் தச்சாங்க. நல்ல வேலை. கூடத்துல பேர் கேட்டாங்க, ஃபேப்ரிகேஷன்னு என் பேர குடுத்தேன். எடம் இருந்தா அவங்க பேரையும் போடுங்களேன்" என்றார்.

இடம் இருந்தால். இந்த இரண்டு சொல்லைத்தான் செல்வாம்பாளிடம் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன்.

"ஏன் சார், றெக்கையில எடம் இல்லன்னு நான் சொன்னனா? பதினேழு அடியும் தச்சிதான குடுத்தேன்? ஆறு எழுத்து பேரு. அதுக்கு எடமில்லியா? எம் பொண்ணு அங்க வந்து பாக்கும். பேரப்புள்ளைங்க நாளைக்கி வந்து பாக்கும். இது எங்கம்மா தச்சதுன்னு அது வாயால சொன்னா யாரு நம்புவாங்க? எழுதியிருந்தா நம்புவாங்க."

பாவாடை என்பவர்தான் பலகை எழுதுகிறவர். வெள்ளிக்கிழமை காலை தூரிகையைத் தொட்டுவிடுவேன், அதற்குமுன் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் எச்சரித்திருந்தார். எழுதிவிட்டால் அழித்து எழுதமாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா.

5

நான் எழுத்தாளன். பலகையை மாற்றுவதைவிட முடிவை மாற்றுவது எனக்குச் சுலபம். வியாழக்கிழமை மூன்று முடிவுகள் எழுதிக்கொண்டு போய் அவரிடம் வாசித்தேன்.

முடிவு அ: செல்வாம்பாள் றெக்கையின் உள்மடிப்பில், யாருக்கும் தெரியாமல், தன் கடை லேபிளைத் தைத்துவைத்துவிடுகிறார். நூறு வருஷம் கழித்து யாரோ பிரித்துப் பார்க்கும்போது

"யாருக்கும் தெரியாம எதுக்கு சார் தைக்கணும்? நான் இன்னா திருடிகினா வந்தேன்? வேணாம், அடிச்சிடுங்க."

முடிவு ஆ: திறப்புவிழா மேடையில் விஜயராகவன் ஒலிபெருக்கியை வாங்கி, கண்கலங்கி

"அவரு கண்ணெல்லாம் கலங்க மாட்டாரு. பாவம், அவருக்கு மைக்குன்னாலே ஆவாது."

முடிவு இ: செல்வாம்பாள் கூட்டத்தில் கடைசியாக நின்று, கிளைடரை அண்ணாந்து பார்த்து, தனக்குத் தெரிந்தால் போதும் என்று புன்னகையுடன்

செல்வாம்பாள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நானே அடித்துவிட்டேன்.

6

"சரி, முடிவு கெடக்கட்டும். மொதல்லேர்ந்து படிங்க, கேப்போம்" என்றார். மூன்றாம் பகுதியை வாசித்தேன். இந்தக் கதையின் மூன்றாம் பகுதிதான், நீங்களும் படித்தீர்கள். விழுந்த இடத்தில் உச்சுக்கொட்டினார். சட்டென்று பிடிபட்டது, கிராஸ், என்ற இடத்தில் தலையாட்டினார்.

மூலையில் துணியோரம் தைத்துக்கொண்டிருந்த கலைவாணியின் ஓவர்லாக் மெஷின் நின்றது.

"அது நான் சொன்னதுதான்க்கா" என்றார் கலைவாணி.

சத்தமாகச் சொல்லவில்லை. காலை ஷிஃப்ட் பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"எது?"

"கிராஸ்ல போடலாம்னு. நான்தான் சொன்னேன். நீங்கதான் வேணாம்னீங்க. கிராஸ்ல போட்டா துணி இழுத்துக்கும், றெக்கை தொங்கிடும், ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இது கூடத் தெரியாதான்னு திட்னீங்க."

எந்தத் தையல்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார். கிராஸ் துணி இழுபடும், உடம்போடு வளைந்து கொடுக்கும். அதற்காகத்தான் ஜாக்கெட்டில் அதைப் போடுகிறார்கள். திட்டு வாங்கிய கையோடு, சுவரில் இருந்த காலண்டர்ப் படத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, ஆணி தளர்ந்த வெறும் சட்டத்தில் முதலில் துணியை நேராக இழுத்துக் கட்டியிருக்கிறார் கலைவாணி. மூலையைப் பிடித்துத் தள்ளினால் சட்டம் சாய்ந்தது. அதையே கிராஸில் கட்டினார். தள்ளினால் சாயவில்லை. உடம்புக்கு இழுபடுவது வேறு பக்கம், சட்டம் இழுபடுவது வேறு பக்கம் என்று அதற்குப் பிறகுதான் செல்வாம்பாளுக்குப் புரிந்திருக்கிறது. அந்தச் சட்டம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. அதில் காலண்டர் படம் இல்லை, வெறும் கிராஸ் துணி. மூன்று நாளாக அதன் கீழே உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

செல்வாம்பாளுக்கு முதலில் கோபம் வந்தது. "நீ சொன்ன. சொல்லிட்டு பஸ் புடிச்சு ஊட்டுக்குப் போய்ட்ட. ஒம்போது நாள் வெட்டி ஒட்டுப் போட்டது யாரு?"

"நீங்கதான்க்கா. நான் இல்லன்னலியே. அவரு எழுதறாரே, அதான் சொன்னேன்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. செல்வாம்பாள் அந்தச் சட்டத்தைப் பார்த்தார். நூலைக் கத்தரித்தார். கத்தரிக்க அங்கே நூலே இல்லை, வெறுங்கத்தரிதான் போட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"அவ சொல்றது சரிதான் சார். எம் பொண்ணுக்கு சொன்னேன், எம் மாமியாருக்கு சொன்னேன், வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நான் கண்டுபுடிச்ச மாரி ஆயிடுச்சு. விஜயராகவன் எனக்கு எதச் செஞ்சாருன்னு உங்க மேல ஏறி வந்தனோ, அதத்தான் நான் இவளுக்குச் செஞ்சிருக்கேன்."

[மூன்றாம் பகுதியைத் திருத்தி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பிழை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.]

7

வெள்ளிக்கிழமை காலை. பலகையின் வாசகத்தாள் வெட்டுமேசைமேல் விரித்துக் கிடந்தது. செல்வாம்பாள் துணியில் கோடு போடுகிற சாக்பீஸை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டே வந்தார். முதல் இரண்டு வரி கிளைடரைப் பற்றி. மூன்றாவது கூடத்தின் பெயர். நான்காவது நன்கொடையாளர். ஐந்தாவது திறந்துவைப்பவர். ஆறாவது தேதி. ஏழாவது, உருவாக்கம்: விஜயராகவன், தட்டாஞ்சாவடி. சாக்பீஸ் எட்டாவது வரியில் நின்றது.

"இது யாரு பேரு?"

என் பேர்தான். தமிழ் வாசகம் என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். பட்டியலில் அது இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. இடம் இருந்தது, போட்டுக்கொண்டேன். இதை நான் உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை.

"இத எழுதனதுக்கா?" என்றார் செல்வாம்பாள். குரலில் திட்டுகூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

பேனாவை எடுத்து என் பெயரை அடித்தேன். அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். துணி: என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில், முதலாவதாக, கலைவாணி என்று எழுதினார். கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு செல்வாம்பாள் என்று, இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

"ரெண்டாவதா இருந்தா பரவால்ல. இல்லாம இருக்கக்கூடாது."

கலைவாணி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். தன் பெயரை இரண்டு தடவை படித்தார். முகத்தில் வந்ததை முந்தானையால் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார். மறைக்கமுடியவில்லை.

பாவாடைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, புது வரியைப் படித்தேன்.

"சார், கடைசி வரி பொடி எழுத்துல வர்றது. உங்க ஒரு பேருக்குத்தான் எடம் வுட்ருக்கேன். ரெண்டு பேரு உக்காராது" என்றார் பாவாடை.

செல்வாம்பாள் குனிந்து போனிடம் பேசினார். "அண்ணே, விஜயராகவன் பேர எவ்ளோ பெருசு போட்றீங்க?"

"மூணு அங்குலம்மா."

"தெறக்கிறவரு பேரு?"

"நாலு."

"அப்ப அதுலேர்ந்து எடுங்க."

பாவாடை சிரித்தார். "நல்லா சொன்னீங்க போங்க. யாரு பேர சின்னதாக்கட்டும்? நீங்களே சொல்லுங்க, நான் தொட்டு எழுதறேன். பெயின்டு கொழச்சி வச்சாச்சு."

செல்வாம்பாள் வாயைத் திறப்பதற்குள் கலைவாணி குறுக்கே சொன்னார்:

"அண்ணே, ரெண்டு பக்கத்து றெக்கையும் நாங்க ஒரே அளவுலதான் தச்சோம். ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னா அது பறந்திருக்காது."

போனில் பாவாடை யோசிக்கிறார். நான் இங்கே நிறுத்திவிடுகிறேன். இந்தக் கதையின் மேலே எழுதியவன் பெயர் இல்லை என்பதை இப்போது கவனித்திருப்பீர்கள். பலகை உங்கள் எதிரில் சாய்ந்து நிற்கிறது, குழைத்து வைத்த பெயின்ட் காயத் தொடங்கிவிட்டது. எழுத்தின் அளவை நீங்கள் சொல்லுங்கள்.